மருதம்பட்டை: வாங்குவது, காய்ச்சுவது, எப்போது தொடக்கூடாது

காலை நடைக்குப் போகிறவர்கள் கூடும் பூங்கா வாசல்களில் அருகம்புல், வாழைத்தண்டு, நெல்லிச்சாறு வண்டிகளோடு இப்போது மருதம்பட்டைக் கஷாயமும் வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் அதற்கு முன்பே வந்துவிட்டது. ‘மூன்றே வாரத்தில் இதய அடைப்பு கரையும்’ என்று ஒரு செய்தி மாதம் ஒருமுறையாவது சுற்றுக்கு வரும். நம் மருத்துவ மரபில் மருதம்பட்டைக்கு உள்ள இடம் உண்மையானது. அடைப்பு கரையும் என்பது உண்மை இல்லை. இரண்டுக்கும் நடுவே வீட்டில் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியவை நிறைய இருக்கின்றன.

1. மருந்துக்கு ஆவது நீர்மருது. வெண்மருது என்றும் சொல்வார்கள். தாவரவியல் பெயர் டெர்மினேலியா அர்ஜுனா. கடுக்காயும் தான்றிக்காயும் இதன் நெருங்கிய சொந்தங்கள். காவிரி, வைகை, தாமிரபரணிக் கரைகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும் நெடுநெடுவென்று நிற்கும். திருவிடைமருதூருக்கும் திருப்புடைமருதூருக்கும் இதுதான் தலமரம். அடிமரம் சாம்பல் கலந்த வெள்ளையாக, தொட்டால் வழுவழுப்பாக இருக்கும். மேல்தோல் தகடு தகடாகத் தானே உரிந்து விழும். உரிந்த இடம் இளஞ்சிவப்பாகவோ வெளிர்பச்சையாகவோ தெரியும். சந்தேகம் இருந்தால் மரத்தடியில் காயைத் தேடுங்கள். நட்சத்திரப்பழத்தை உலர்த்திச் சுருக்கியதுபோல ஐந்து விளிம்புகளோடு கிடக்கும்.

2. கருமருது வேறு, பூமருது வேறு. கருமருதின் பட்டை கறுத்து, கட்டம் கட்டமாக வெடித்திருக்கும். அது மரவேலைக்குப் பேர்போனது. பூமருது ஊதாப் பூ பூத்து அழகுக்கு நிற்பது. பெயரில் மருது இருக்கிறதே என்று இவற்றின் பட்டையை உரித்துக் காய்ச்ச வேண்டாம்.

3. நாட்டு மருந்துக் கடையில் முடிந்தவரை பட்டையாகவே கேட்டு வாங்குங்கள். பொடியில் எதைக் கலந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. பட்டைத் துண்டு லேசாக உள்நோக்கி வளைந்திருக்கும். வெளிப்பக்கம் சாம்பல் வெள்ளை. உள்பக்கம் செங்கல் நிறம் கலந்த பழுப்பு, நீளவாக்கில் மெல்லிய வரிகள். ஒரு சிறு துணுக்கைக் கடித்துப் பாருங்கள்: நாக்கும் கன்னத்தின் உட்பக்கமும் வறண்டு இழுக்க வேண்டும். அந்தத் துவர்ப்பு இல்லாத பட்டை பழையது, அல்லது மருதே இல்லை. பூசண வாடை, கரும்புள்ளி, வண்டு துளைத்த ஓட்டை, அடியில் மாவு உதிர்வது இதில் எது இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கழுவிக் காயவைத்தால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொன்னாலும் கேட்க வேண்டாம். பூசணம் விட்டுச் சென்ற நஞ்சு கழுவினாலும் காய்ச்சினாலும் முழுதாகப் போகாது.

4. வாங்கிய பட்டையின் மேலே ஒட்டியிருக்கும் தூசியையும் உலர்ந்த செதிலையும் கத்தியின் முதுகால் சுரண்டி எடுத்துவிட்டு, ஓடும் தண்ணீரில் ஒரு அலசு அலசி உடனே வெயிலில் பரப்புங்கள். ஊற வைக்கக் கூடாது. துவர்ப்புச் சத்து தண்ணீரோடு போய்விடும். நன்றாகக் காய்ந்த துண்டு வளையாமல் ‘சடக்’ என்று முறியும். முழுத் துண்டை மிக்ஸியில் போட்டால் பிளேடு போகும். இரும்பு உரலிலோ அம்மியிலோ தட்டிச் சிறு துண்டுகளாக்கிய பிறகு மிக்ஸிக்கு மாற்றுங்கள். கஷாயத்துக்கு ரவை பதம், பாலில் கலப்பதற்கு மாவுப் பதம். மாவாகச் சலித்த பிறகு மிஞ்சும் நாரைத் தூக்கிப் போட வேண்டாம், கஷாயத்துக்கு ஆகும்.

5. மொத்தத்தையும் பொடித்து வைப்பதைவிட, பட்டையாக வைத்துக்கொண்டு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் பொடிப்பது நல்லது. ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டில், உலர்ந்த கரண்டி. பாட்டிலின் மேல் பெயரும் பொடித்த தேதியும் எழுதி ஒட்டுங்கள். மருதம்பட்டைப் பொடியும் கடுக்காய்ப் பொடியும் ஒரே அலமாரியில் இருக்கும் வீடுகளில் இந்தச் சீட்டு ரொம்ப அவசியம்.

6. அளவுதான் இதில் முக்கியம். இந்திய ஆயுர்வேத மருந்து அளவை நூலில் பால் கஷாயத்துக்கு மருதம்பட்டையின் அளவு 3 முதல் 6 கிராம். தலை தட்டிய ஒரு தேக்கரண்டிப் பொடி ஏறக்குறைய 2 முதல் 3 கிராம் வரும். கரண்டிக்குக் கரண்டி மாறுவதால், முதல் தடவை மட்டுமாவது கேக் செய்யும் சின்னத் தராசில் நிறுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ‘ஒரு கைப்பிடி’ என்று எழுதியிருக்கும் குறிப்பு எதையும் நம்ப வேண்டாம். கை யாருடையது என்று அதில் இருக்காது.

7. கஷாயம் வைக்க மண்சட்டி அல்லது எவர்சில்வர் பாத்திரம். இரும்புச் சட்டி, தாமிரச் செம்பு கூடாது. துவர்ப்புச் சத்தான டானின் இரும்போடு சேர்ந்தால் கஷாயம் மை போலக் கறுத்துவிடும். பழைய காலத்தில் எழுதுமையே கடுக்காயோடு இரும்பைச் சேர்த்துத்தான் காய்ச்சினார்கள். சரியாக வைத்த மருதம்பட்டைக் கஷாயம் கட்டன் சாயா நிறத்தில், கொஞ்சம் சிவப்பு ஓடி இருக்கும்.

8. தண்ணீர்க் கஷாயம்: 5 கிராம் ரவைப்பொடிக்கு 200 மில்லி தண்ணீர். சிறு தீயில், மூடாமல், நான்கில் ஒரு பங்காக, அதாவது 50 மில்லியாக வற்ற விடுங்கள். இருபது நிமிடமாவது ஆகும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் தண்ணீர்தான் வற்றும், பட்டையிலிருந்து சாரம் இறங்காது. வடிகட்டி வெதுவெதுப்பாகக் குடியுங்கள். அன்றன்று வைத்து அன்றே முடிக்க வேண்டும். காலையில் வைத்து ஃபிளாஸ்க்கில் ஊற்றி மாலைவரை வைப்பது, ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் சுடவைப்பது இரண்டும் வேண்டாம்.

9. பால் கஷாயம்: வயிறு பலவீனமானவர்களுக்கு இதுதான் ஏற்றது. வைத்திய நூல்கள் சொல்லும் கணக்கு, மருந்து 1 பங்கு, பால் 8 பங்கு, தண்ணீர் 32 பங்கு. 5 கிராம் பட்டைக்கு 40 மில்லி பாலும் 160 மில்லி தண்ணீரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் ஒன்றாக அடுப்பில் ஏற்றி, தண்ணீர் முழுதும் வற்றிப் பால் அளவு மட்டும் நிற்கும்வரை சிறு தீயில் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் பால் திரிவது போலத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பாலின் புரதம் டானினோடு சேர்ந்துகொள்கிறது. துவர்ப்பு அடங்கி வயிற்றுக்கு இதமாவதும் அதனால்தான். வடிகட்டினால் தெளிந்துவிடும். சர்க்கரை இல்லாதவர்கள் கொஞ்சம் பனங்கற்கண்டு சேர்க்கலாம்.

10. சுக்கு, ஏலக்காய் தட்டிப் போட்டு டீ மாதிரி குடிப்பவர்கள் உண்டு, தப்பில்லை. கறிக்குப் போடும் பட்டையைத் தினமும் சேர்ப்பதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். நம் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் தடித்த, ஒற்றைச் சுருளாக இருக்கும் பட்டை பெரும்பாலும் கேசியா. அதில் கூமரின் என்ற பொருள் கூடுதல். தினசரி அதிகம் சேர்ந்தால் சிலருக்குக் கல்லீரலைத் தாக்கும். பிரியாணிக்கு எப்போதோ போடுவதற்கு அது போதும். தினம் குடிப்பதற்கு, பல மெல்லிய அடுக்குகளாகச் சுருண்டு விரலால் அழுத்தினாலே நொறுங்கும் இலங்கைக் கருவாப்பட்டையை வாங்குங்கள். மருதம்பட்டை டீயில் சர்க்கரையை அள்ளிப் போட்டு ‘இதயத்துக்கு நல்லது’ என்று குடிப்பவர்களுக்கு என்னிடம் யோசனை எதுவும் இல்லை.

11. கஷாயத்துக்கும் மாத்திரைக்கும் இடையே 2 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். துவர்ப்புச் சத்து சில மருந்துகளைக் குடலில் பிடித்து வைத்துக்கொள்ளும். கஷாயத்தாலேயே மாத்திரையை விழுங்கும் பழக்கம் சில பெரியவர்களிடம் இருக்கிறது. வீட்டில் இருப்பவர்கள் எடுத்துச் சொல்ல வேண்டும்.

12. ‘இது நிஜமாகவே இதயத்துக்கு வேலை செய்யுமா?’ எல்லோரும் கேட்பது இதைத்தான், எனவே கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். இதய நோய்க்கு மருதம்பட்டையைச் சொன்னவர்களில் பழையவர் ஆயுர்வேத நூலாசிரியர் வாக்பட்டர். பாலில் காய்ச்சிக் கொடுக்கும் முறையும் பழைய நூல்களில் உண்டு. நவீன சோதனைகளும் நடந்திருக்கின்றன. இந்தூர் மருத்துவர்கள் 1995-ல் வெளியிட்ட ஆய்வில், மாத்திரைக்குக் கட்டுப்படாத கடுமையான இதயச் செயலிழப்பு உள்ள 12 பேருக்குப் பட்டைச் சாற்றை 500 மில்லிகிராம் வீதம் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுத்தார்கள். மூச்சுத்திணறல் முதலியவை குறைந்தன. அதே ஊரில் நடந்து 2002-ல் வெளியான இன்னொரு ஆய்வில், நடந்தால் நெஞ்சு வலிக்கும் 58 ஆண்களுக்கு ஒரு வாரம் பட்டைச் சாறு, ஒரு வாரம் வழக்கமான நெஞ்சுவலி மாத்திரை, ஒரு வாரம் வெற்று மாத்திரை என்று மாற்றி மாற்றிக் கொடுத்து டிரெட்மில்லில் ஏற்றிப் பார்த்தார்கள். வெற்று மாத்திரையைவிடப் பட்டைச் சாறு நன்றாகவே வேலை செய்தது.

வாட்ஸ்அப் செய்திகள் இத்தோடு நிறுத்திக்கொள்ளும். டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்தி 2016-ல் வெளியான ஆய்வு இவற்றைவிடக் கட்டுக்கோப்பானது. இதயச் செயலிழப்பு உள்ளவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு 12 வாரம் மருதம்பட்டைச் சாறு, மறு குழுவுக்கு வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, சாப்பிடுபவருக்கும் தெரியாது. முடிவில், இதயம் ஒரு துடிப்புக்கு வெளியே தள்ளும் ரத்தத்தின் விகிதத்தில் முன்னேற்றம் இல்லை. சிலருக்கு இயங்கும் திறன் மட்டும் கொஞ்சம் கூடியது.

ஆக, பயன் இருக்கலாம், அது மிதமானது. மருத்துவர் தரும் சிகிச்சையோடு துணைக்கு நிற்பது. ரத்தக்குழாயில் படிந்த கொழுப்படைப்பைப் பட்டைக் கஷாயம் கரைத்து வெளியேற்றியதாக எந்தச் சோதனையும் நிரூபிக்கவில்லை. ஸ்டென்ட் வைக்கச் சொன்ன பிறகு ‘ஒரு மண்டலம் கஷாயம் குடித்துப் பார்த்துவிட்டு வருகிறேன்’ என்று தள்ளிப்போடுவது ஆபத்தான விளையாட்டு.

13. கஷாயம் தொடங்கியதும் பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீர்கள். அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்றவற்றைத் திடீரென்று விட்டால் படபடப்பும் நெஞ்சுவலியும் முன்பைவிட மோசமாகத் திரும்பி வரும். நேர்மாறான சிக்கலும் உண்டு: மாத்திரையும் கஷாயமும் சேர்ந்து ரத்த அழுத்தத்தைத் தேவைக்கு மேல் இறக்கலாம். தொடங்கிய முதல் இரண்டு வாரம் காலையும் மாலையும் அழுத்தத்தைப் பார்த்து ஒரு நோட்டில் தேதி போட்டுக் குறியுங்கள். படுக்கையிலிருந்து எழும்போது தலை கிறுகிறுத்தால் கஷாயத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் நோட்டைக் காட்டுங்கள். ஏற்கெனவே லோ பிரஷர் உள்ளவர்களுக்கு இந்தக் கஷாயமே வேண்டாம்.

14. நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சு முட்டல் ஏதாவது வந்தால் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். ‘கேஸ்தான்’ என்று சொல்லிக்கொண்டு கஷாயம் காய்ச்சும் அந்த அரைமணி நேரத்தில் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலி பெரிதாகத் தெரியாமல் அசதியும் குமட்டலுமாகவே மாரடைப்பு வரக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

15. இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு ‘ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான்’ என்று மருத்துவர் அளவு சொல்லியிருப்பார். கஷாயமும் அந்தக் கணக்கில்தான் சேரும். மருந்துதானே என்று தனியாக ஒதுக்கி இரண்டு டம்ளர் குடித்தால் காலில் வீக்கம் தெரியும்.

16. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அசிட்ரோம், குளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் தாமாக மருதம்பட்டையைத் தொடங்கக் கூடாது. மருந்துகளைக் கல்லீரலில் உடைக்கும் நொதிகளின் வேலையை இந்தப் பட்டை மட்டுப்படுத்தக்கூடும் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. அப்படி ஆனால் வார்ஃபரின் போன்ற மாத்திரை தேவைக்கு மேல் வேலை செய்து, பல் துலக்கினாலே ரத்தம் நிற்காமல் வரலாம். வால்வு மாற்றியவர்கள் ரத்த உறைவைப் பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனைக்குப் போகும்போது பழக்கத்தில் உள்ள எந்தக் கஷாயத்தையும் மறைக்க வேண்டாம். ஆபரேஷனோ பல் பிடுங்குவதோ தேதி குறித்தாகிவிட்டால் இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள்.

17. சர்க்கரைக்கு ஆவாரம்பூவும் மருதம்பட்டையும் சேர்த்துக் காய்ச்சுவது நம் பக்கம் பழக்கம். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இதையும் சேர்த்தால் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். கை நடுக்கம், திடீர்ப் பசி, குளிர்ந்த வியர்வை வந்தால் முதலில் குளுக்கோஸ் அல்லது சர்க்கரைத் தண்ணீர், பிறகுதான் விசாரணை.

18. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். எலிகளுக்கு மருதம்பட்டைச் சாறு கொடுத்துப் பார்த்ததில் தைராய்டு சுரப்பு குறைந்தது. மனிதர்களுக்கும் அப்படியே என்று முடிவு கட்ட முடியாது, ஆனாலும் அதிகாலை வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, அடுத்த நிமிடமே கஷாயம் என்ற வழக்கம் எந்த வகையிலும் நல்லதில்லை.

19. பெண்களுக்கு: அதிக உதிரப்போக்குக்கும் வெள்ளைப்படுதலுக்கும் மருதம்பட்டைக் கஷாயம் கொடுப்பது பழைய வழக்கம். துவர்ப்பு உதிரத்தைக் கட்டும் என்பது கணக்கு. இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. உதிரம் அதிகம் போகிறவருக்கு ரத்தசோகை இருக்கும், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருப்பார்கள். அந்த இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தடுப்பதும் இதே துவர்ப்புதான். அடுப்பில் இரும்புச் சட்டியில் கஷாயத்தைக் கறுப்பாக்கியது வயிற்றுக்குள்ளும் நடக்கிறது. எனவே சாப்பாட்டோடும் இரும்பு மாத்திரையோடும் கஷாயம் கூடவே கூடாது.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு உதிரப்போக்கு திடீரென்று மாறினால் முதலில் ஸ்கேன், பிறகு மற்றது. மாதவிலக்கு முற்றிலும் நின்ற பிறகு ஒரு சொட்டு பட்டாலும் மகப்பேறு மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். கர்ப்பப்பைப் புற்றுநோய் அப்படித்தான் தலைகாட்டும். அதைத் துவர்ப்பால் அடக்கிப் பார்ப்பது காலத்தைக் கோட்டைவிடுவது. கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் மருதம்பட்டையை உள்ளுக்குச் சாப்பிட வேண்டாம். குழந்தைகளுக்கும் வீட்டு வைத்தியமாகக் கொடுக்க வேண்டாம்.

20. வாய்ப்புண், ஈறு வீக்கத்துக்கு ஆறிய கஷாயத்தை வாயில் ஊற்றி ஒரு நிமிடம் கொப்பளித்துத் துப்பலாம். மருதம்பட்டையின் பயன்களிலேயே பயம் குறைந்தது இதுதான். இரண்டு வாரத்தில் ஆறாத வாய்ப்புண்ணை, அதிலும் புகையிலை போடுகிறவர் என்றால், மருத்துவரிடம் காட்டியே தீர வேண்டும்.

21. முகப்பருவுக்கு மாவுப் பொடியைத் தேனில் குழைத்துப் பூசுவார்கள். முழங்கையின் உட்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டு முகத்துக்குப் போங்கள்.

22. மேலோட்டமான சிராய்ப்பைக் கஷாயத்தால் கழுவலாம். சர்க்கரை நோயாளியின் கால் புண், ஆழமான வெட்டு, நாய்க்கடி இவற்றில் பட்டைப்பொடியைத் தூவக் கூடாது. நாய்க்கடிக்குச் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஊசிக்கு ஓட வேண்டியதுதான்.

23. நிறுத்த வேண்டிய அறிகுறிகள்: மலச்சிக்கல் (துவர்ப்புக்கு இது சகஜம், அளவைக் குறைத்தும் தீரவில்லை என்றால்), மேல்வயிற்று வலி, குமட்டல், தலைவலி, உடலில் தடிப்பு. கண் மஞ்சளித்தாலோ சிறுநீர் கடும் மஞ்சளானாலோ அன்றே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

24. ஆயுள் முழுக்கக் குடிக்கும் பொருளாக இதை வைத்துக்கொள்ள வேண்டாம். மேலே சொன்ன சோதனைகள் பெரும்பாலும் வாரக்கணக்கில் நடந்தவை, வருடக்கணக்கில் குடித்தவர்களைப் பற்றிய தகவல் குறைவு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிறுத்தி, பரிசோதனை செய்து, தேவையா என்று கேட்டுவிட்டுத் தொடருங்கள். மருதம்பட்டை, வெந்தயம், கருஞ்சீரகம் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்குவதும் கூடாது. எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.

25. அர்ஜுனாரிஷ்டம் என்று பாட்டிலில் வருவது மருதம்பட்டையோடு திராட்சை, இலுப்பைப்பூ, வெல்லம் சேர்த்துப் புளிக்கவைத்தது. புளிப்பதால் அதில் இயல்பாகவே கொஞ்சம் ஆல்கஹால் உண்டு, வெல்லமும் உண்டு. சர்க்கரை உள்ளவர்கள், கல்லீரல் நோயாளிகள், குடியை விட்டு மீண்டவர்கள் இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். மாத்திரைக்குப்பியில் ‘எக்ஸ்ட்ராக்ட்’ என்று போட்டிருந்தால் அது செறிவூட்டியது. 500 மில்லிகிராம் சாறும் 500 மில்லிகிராம் பொடியும் ஒன்றல்ல. எதை வாங்கினாலும் உரிம எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள். பெயர்ச்சீட்டே இல்லாத பொட்டலத்தில் வருவது எத்தனை பேரைக் குணப்படுத்தியதாகச் சொன்னாலும் வேண்டாம்.

26. மற்ற மரப்பட்டைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அசோகப்பட்டை என்று விற்பதில் நெட்டிலிங்கத்தின் பட்டை பரவலாகக் கலக்கிறது. பள்ளிக்கூட வாசலில் கூம்பாக நிற்கும் நெட்டிலிங்கத்தையே பலர் அசோகமரம் என்று நினைத்துக்கொண்டிருப்பது கலப்படக்காரருக்கு வசதி. குடசப்பாலைக்கும் வெட்பாலைக்கும் இதே குழப்பம் உண்டு. இவையாவது ஆளைக் கொல்லாது. எட்டிப்பட்டை கொல்லும்; அதில் ஸ்ட்ரிக்னைனும் புரூசினும் இருக்கின்றன. கடைசியில் சொன்னதற்காகவே, காட்டுப் பக்கம் போனவர் அன்பாக உரித்துக் கொண்டுவந்து கொடுத்த பெயர் தெரியாத பட்டை எதையும் அடுப்பில் ஏற்றாதீர்கள்.

27. ஊரில் மருதமரம் இருக்கிறது, நாமே உரித்துக்கொள்கிறோம் என்பவர்களுக்கு: அடிமரத்தைச் சுற்றி வளையமாக உரித்தால் மரம் செத்துப்போகும். இலையில் சமைத்த உணவு வேருக்கு இறங்கும் வழி பட்டையின் உட்புறத்தில்தான் இருக்கிறது. அந்த வழி முழு வட்டமாக அறுந்துவிட்டால், மேலே பச்சையாக இருந்தாலும் கீழே வேர் பட்டினி கிடக்கும். முற்றிய மரத்தில், ஒரு பக்கம் மட்டும், நெடுக்குவாட்டில் குறுகலான துண்டாக, வெளிப்பட்டையையும் நடுப்பட்டையையும் மட்டும் எடுங்கள். மரத்தை ஒட்டிய மெல்லிய உள்பட்டையைத் தொடாமல் விட்டுவிட்டால் புதுப்பட்டை மூடி வரும். அது மூடும்வரை அந்த மரத்தில் மறுபடி கை வைக்கக் கூடாது. மழைக்காலத்தில் உரித்தால் காயம் அழுகும், பட்டையும் காயாது.

சாலையோர மரங்களும் கோயில் மரங்களும் பொதுச்சொத்து. கஷாயம் பிரபலமான பிறகு ஆள் உயரத்துக்குச் செதுக்கி எடுத்த மருதமரங்களைப் பல ஊர்களில் பார்க்கிறோம். இப்படி மரங்களைக் கஷாயத்துக்குப் பலி கொடுப்பது நியாயமே இல்லை. ரசாயனக் கழிவும் வாகனப் புகையும் படிந்த சாலையோரப் பட்டை மருந்துக்கும் லாயக்கில்லை. கிணற்றடியிலோ வாய்க்கால் கரையிலோ சொந்த இடம் இருந்தால் ஒரு மருதங்கன்று வையுங்கள். தண்ணீர் பக்கத்தில் இருந்தால் போதும், வேறு பெரிய பராமரிப்பு கேட்காத மரம்.

28. யாரிடம் கேட்பது? அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்த மருத்துவப் பிரிவு தனியாக இருக்கிறது. சென்னையில் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும், அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனையும் உண்டு. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பட்டம் பெற்ற சித்த அல்லது ஆயுர்வேத மருத்துவர் நாடி பார்த்து அளவு சொல்வார். போகும்போது ஆங்கில மருத்துவத்தின் மாத்திரைச் சீட்டையும், கடைசியாக எடுத்த ஈ.சி.ஜி., எக்கோ, ரத்தப் பரிசோதனை அறிக்கைகளையும் கையோடு கொண்டுபோங்கள்.

29. அதேபோல இதய மருத்துவர் ‘வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?’ என்று கேட்டால் ‘ஒன்றும் இல்லை’ என்று சொல்லிவிடாதீர்கள். திட்டுவாரோ என்ற தயக்கம் வேண்டாம். மாத்திரைச் சீட்டின் கீழேயே ‘மருதம்பட்டை, 5 கிராம், காலை, தொடங்கிய தேதி’ என்று எழுதி நீட்டிவிடுங்கள்.